ஐந்தாம் நாள் வரை பொறுங்கள்

(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் நமது மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இந்தக் கூடுகையில் ஒரு சிறு செய்தி கொடுத்து ஜெபித்து முடிக்கும்படிதான் வழக்கமாக என்னைக் கேட்பார்கள். இந்த முறை நமது குழந்தைகள் வார்டு டாக்டர் அம்மா வேறொரு காரியத்தைக் கேட்டார்கள். "ஐயா, வயிற்று நோய்க்கு எப்போது ஆன்டிபயாடிக் வேண்டும், எப்போது வேண்டாம் என்று நாங்கள் தினமும் சொல்கிறோம். ஜனங்கள் சீட்டைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் ஒருமுறை பேசுங்கள்" என்றார்கள்.

நான் மருத்துவன் அல்ல. இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் படித்தவன். ஆனாலும் முப்பது ஆண்டுகளாக அந்த வார்டின் கட்டில்களுக்கு நடுவே நடந்திருக்கிறேன். கண்டதைச் சொல்கிறேன். மருந்தைப் பற்றிய பகுதிகளை டாக்டர் அம்மாவிடம் காட்டித் திருத்தி வாங்கிய பிறகே உங்கள்முன் நிற்கிறேன்.

முதலில் ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென்னாகரம் பக்கத்துக் கிராமம். மகனும் மருமகளும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தார்கள். நம் மாவட்டத்தில் இது புதிதல்ல. ஒன்றரை வயதுப் பேரப்பிள்ளை பாட்டியிடம் இருந்தது. வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. முதல் நாள் தொக்கம் எடுக்கக் கொண்டுபோனார்கள். இரண்டாம் நாள் மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் பொடித்துக் கொடுத்தார்கள். "தண்ணி குடுத்தா இன்னும் போகும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதால் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் நாள் காலை நம்மிடம் வந்து சேர்ந்தபோது குழந்தையின் கண்கள் குழிவிழுந்திருந்தன. அழுதது, கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. நர்ஸம்மாக்கள் நரம்பைத் தேடி ஊசி போட முயன்றுகொண்டிருக்கும்போதே குழந்தை நம்மை விட்டுப் போய்விட்டது.

பாட்டி கையில் மருந்துக்கடை ரசீதைச் சுருட்டிப் பிடித்திருந்தார். "நல்ல மருந்துதான் சாமி, நூத்தி எண்பது ரூபா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது பொய்யல்ல. அது நல்ல ஆன்டிபயாடிக்தான். அந்தக் குழந்தைக்கு வந்த நோய்க்கு உரியதல்ல, அவ்வளவுதான். அந்தக் குழந்தைக்குத் தேவைப்பட்டது தண்ணீரும் உப்பும் சர்க்கரையும்.

சிறு பிள்ளைகளுக்கு வரும் தண்ணீர்ப் பேதியில் பெரும்பகுதி வைரஸ் கிருமியால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. அதைக் கொடுப்பதால் பேதி நிற்பதில்லை. சில பிள்ளைகளுக்கு அந்த மருந்தே பேதியை அதிகப்படுத்திவிடும். எந்தப் பேதியானாலும் பிள்ளையைக் கொல்வது பெரும்பாலும் உடம்பிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும்தான். போனதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிள்ளை பிழைக்கும். நோய் தானாகவே சில நாட்களில் அடங்கும்.

இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் நம் தேசத்தார் ஒருவர். 1971-ல் வங்காளதேசப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகள் பங்காவ்ன் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. கல்கத்தாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் என்பவர் உப்பையும் குளுக்கோஸையும் அளவாகக் கலந்து, பெரிய பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே தம்ளரைக் கொடுத்தார். நூற்றுக்கு இருபது, முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், அந்தக் கரைசலைக் குடித்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. அவர் 2022-ல் மறைந்தார். மறு ஆண்டு அரசு அவருக்குப் பத்ம விபூஷண் அளித்தது.

இது வேலை செய்யும் விதமும் எளிதுதான். பேதியால் குடல் எவ்வளவு பழுதானாலும், சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உள்ளே வாங்கும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. சர்க்கரை உப்பைக் கைபிடித்து அழைத்துப் போகிறது. உப்பின் பின்னாலேயே தண்ணீர் போகிறது. அளவு தப்பினால் வாசல் திறந்தும் பயனில்லை. ஆகையால் ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். தம்ளரில் பாதியைக் கொட்டிக் கலக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து ஒவ்வொரு ஸ்பூனாகக் கொடுக்க வேண்டும். கடையில் அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது. மருந்துக்குரிய அளவில் இல்லாத பானங்களின் மேல் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. கரைசலோடு துத்தநாக மாத்திரையைப் பதினான்கு நாட்கள் கொடுத்தால் பேதி சீக்கிரம் நிற்கும். அடுத்து வரும் பேதியும் குறையும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. கேழ்வரகுக் கஞ்சி நம் வீட்டில் இல்லாத பொருளா? அதையும் கொடுக்கலாம்.

அப்படியானால் வயிற்று நோய்க்கு ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாமா? வேண்டும். சில நோய்களுக்குக் கட்டாயம் வேண்டும். மலத்தில் ரத்தம் கலந்து, காய்ச்சலோடு சீதபேதி போனால், ஷிகெல்லா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. கடுமையான காலராவில் நீரைக் கொடுத்து நிலைநிறுத்திய பின், ஆன்டிபயாடிக் கொடுத்தால் பேதியின் அளவும் நாட்களும் குறையும். பச்சிளங்குழந்தைகளையும், ஊட்டமில்லாமல் மெலிந்த பிள்ளைகளையும் மருத்துவர் தனியாகத்தான் பார்ப்பார். பிள்ளை குடிக்க முடியாமல் துவண்டாலும், சிறுநீர் போகாமல் இருந்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வாருங்கள். வரும் வழியிலும் ஸ்பூனை நிறுத்தாதீர்கள்.

இனி டைபாய்டுக்கு வருகிறேன். இதில் காரியம் தலைகீழ். இதற்கு ஆன்டிபயாடிக்தான் உயிர். இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றையும் நான் அறிக்கையிட வேண்டியிருக்கிறது.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது. எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு எட்டு வயது. காய்ச்சல், தலைவலி, வயிற்றுவலி. அவன் அப்பா சந்தைக்குத் தக்காளிக் கூடை ஏற்றிப் போகிறவர். நாள் கூலி போய்விடும் என்று ஆஸ்பத்திரிக்கு வரத் தயங்கினார். எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் என் மகளுக்குக் கொடுத்து மீந்த ஆன்டிபயாடிக் சிரப் பாதி பாட்டில் இருந்தது. மீதியை எறிவானேன் என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாள் கொடுத்தார்கள். காய்ச்சல் கொஞ்சம் தணிந்தது. பாட்டிலும் தீர்ந்தது. அவன் அம்மா வந்து, "ஐயா வீட்டு மருந்து கைகண்ட மருந்து" என்றார். எனக்கும் உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் திரும்பிற்று. இந்த முறை படியேறுவதுபோல நாளுக்கு நாள் ஏறிற்று. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது டாக்டர் ரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார். கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்குச் சாகும் என்று சொல்லும் சோதனை அது. ஒன்றும் வளரவில்லை. டாக்டர் என்னிடம், "ஏற்கெனவே அரைகுறையாக மருந்து கொடுத்திருக்கிறார்கள், ஐயா. அதனால் ரத்தத்தில் கிருமி சிக்கவில்லை. எந்த மருந்து கேட்கும் என்று தெரியாமல் ஊகித்துத்தான் கொடுக்க வேண்டும்" என்றார். கொடுத்தது யார் என்று அவருக்குத் தெரியாது. அன்று நான் சொல்லவும் இல்லை.

மூன்று நாள் கழித்து வயிறு பலகைபோல் இறுகிவிட்டது. டைபாய்டில் மூன்றாம் வாரத்தில் குடலில் ஓட்டை விழுவதுண்டு. அன்றிரவே அறுவை சிகிச்சை செய்தார்கள். அவன் அப்பா வெளித் திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, ஜெபம் பண்ணுங்க" என்றார். எத்தனையோ பேருக்காக ஜெபித்திருக்கிறேன். அன்று என் வாயில் வார்த்தை வரவில்லை. விடியற்காலையில் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க நல்லதுன்னுதானே ஐயா குடுத்தீங்க" என்றார். அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. நல்லது என்று நினைத்துத்தான் அந்தப் பாட்டியும் தண்ணீரை நிறுத்தினார். பையன் ஒரு மாதத்துக்கு மேல் படுக்கையில் கிடந்து, ஆண்டவருடைய கிருபையால் பிழைத்தான். டாக்டரிடமும் பிற்பாடு சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் இந்த நோயைப் பற்றி நான் விசாரிக்கத் தொடங்கினேன். டைபாய்டுக் கிருமி அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் வருகிறது. குடல் சுவரைத் தாண்டி, நோயை எதிர்க்க வேண்டிய அணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்துகொள்கிறது. காவற்காரன் வீட்டுக்குள்ளேயே திருடன் குடியிருப்பதுபோல. ஆகையால் மருந்து அங்கே போய்ச் சேர்ந்து வேலை செய்ய நாளாகிறது. சரியான மருந்தைச் சரியான அளவில் கொடுத்தாலும் காய்ச்சல் இறங்க நான்கிலிருந்து ஆறு, ஏழு நாள் ஆகலாம். நண்பர்களே, இந்த ஒரு செய்தியைத்தான் எங்கள் வார்டில் அதிகமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்றாம் நாள் மாலை தகப்பன்மார் வந்து, "காய்ச்சல் விடலையே, வேற ஊசி போடுங்க, இல்லன்னா பேரை வெட்டிக் குடுங்க, சேலம் போறோம்" என்கிறார்கள். போன இடத்தில் மருந்து மாறுகிறது. ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்குகிறது. இறக்கியது முதல் மருந்தோ இரண்டாவதோ, யாருக்கும் தெரியாது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டவுடனே மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள். மருந்துக்குத் தக்கபடி ஏழிலிருந்து பதினான்கு நாள் என்று டாக்டர் எழுதியிருப்பார். பாதியில் விட்டால் ஒளிந்திருந்த கிருமி திரும்ப எழும்பும்.

ஒரு காலத்தில் இந்த நோய்க்கு மருந்தே இல்லை. மூன்று, நான்கு வாரம் காய்ச்சல் எரியும். பத்தில் ஒருவராவது மரிப்பார். 1948-ல் மலாயாவின் கோலாலம்பூரில், டைபஸ் என்ற வேறொரு காய்ச்சலுக்குக் குளோராம்பெனிக்கால் மருந்தைச் சோதிக்கச் சென்ற அமெரிக்க மருத்துவர்கள், டைபஸ் என்று எண்ணி டைபாய்டு நோயாளி ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். காய்ச்சல் சில நாளில் இறங்கிற்று. அப்படித்தான் இந்த மருந்து டைபாய்டுக்கு என்று தெரியவந்தது. நமது மிஷன் மருத்துவமனைகளில் வேலை செய்த பெரியவர்கள் அந்த மாத்திரையைத் தேவ ஈவாகவே எண்ணினார்கள்.

கால் நூற்றாண்டுகூட அந்த மகிழ்ச்சி முழுதாக நிற்கவில்லை. 1972-ல் நம் பக்கத்துக் கேரளத்தில் கோழிக்கோட்டில் பரவிய டைபாய்டு அந்த மருந்துக்கு அடங்கவில்லை. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் குளோராம்பெனிக்கால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் ஆகிய மூன்றுக்கும் அடங்காத கிருமி இந்தியா எங்கும் பரவிற்று. பிறகு சிப்ரோபிளாக்சசின் வந்தது. சளிக்கும் பேதிக்கும் அதையே வாங்கி விழுங்கினோம். இன்று நம் நாட்டு டைபாய்டுக் கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குச் சரியாக அடங்குவதில்லை. இப்போது செஃப்ட்ரியாக்சோன் ஊசியையும், செஃபிக்சிம், அசித்ரோமைசின் மருந்துகளையும் நம்பியிருக்கிறோம். 2016 முதல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு பரவிற்று. அங்கே வாய்வழி கொடுக்க மிஞ்சியது அசித்ரோமைசின் ஒன்றே. அந்த மருந்தைத்தான் நம் கடைகளில் சாதாரண இருமலுக்கு மூன்று மாத்திரைப் பட்டையாக வாங்கிப் போகிறோம்.

இதைப் பற்றி எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. 2012-ல் சென்னையில் மருத்துவர் அப்துல் கஃபூர் முன்னின்று பல மருத்துவச் சங்கங்களைக் கூட்டி, சென்னைப் பிரகடனம் என்ற திட்டத்தை வெளியிட்டார்கள். 2014 முதல், பல உயர்ந்த ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. சட்டம் மருந்துக்கடையின் வாசல் மட்டும் வரும். என் வீட்டுக் குளிர்பெட்டிக்குள் அது வராது.

ஒரு நற்செய்தியும் உண்டு. குளோராம்பெனிக்காலையும் கோட்ரைமாக்சசோலையும் டைபாய்டுக்கு நாம் பல ஆண்டுகளாகப் பெரிதும் பயன்படுத்தாமல் விட்டபின், இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டுக் கிருமிகள் அந்தப் பழைய மருந்துகளுக்குத் திரும்பவும் அடங்குகின்றன. இதைக் கேட்டபோது, நிலத்துக்கு ஏழாம் வருஷம் ஓய்வு கொடுக்கச் சொன்ன நியாயப்பிரமாணம் எனக்கு நினைவுக்கு வந்தது. ஓய்வு கொடுத்தால் மருந்துக்கும் பலன் திரும்புகிறது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எது கேட்கும் என்பதைக் கல்ச்சர்தான் சொல்ல வேண்டும். ஊர்களில் எடுக்கும் வைடால் சோதனை 1896-ல் வந்தது. அது ஒன்றை மட்டும் நம்பித் தீர்மானித்தால் நோயில்லாதவருக்கும் டைபாய்டு என்று வந்துவிடும். ஆகையால் ஆன்டிபயாடிக் தொடங்குமுன் ரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், "பிள்ளைக்கு உடம்பில ரத்தமே இல்ல, இதுல எடுக்கிறாங்களே" என்று முறையிடாதீர்கள்.

நோய் வராமல் காப்பது இவையெல்லாவற்றிலும் மேலானது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, டெல்லி, கொல்கத்தா, வேலூர் நகரங்களிலும் புனே அருகே ஒரு கிராமப் பகுதியிலும் 2017 முதல் 2020 வரை பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நகரங்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் 576 முதல் 1173 பேருக்கு டைபாய்டு வந்தது. அந்தக் கிராமப் பகுதியில் 35. தண்ணீரும் சாக்கடையும் நெருங்கி ஓடும் இடத்தில் நோய் பெருகுகிறது. நம் கிராமத்துப் பிள்ளைகள் பெற்றோரோடு பெங்களூர்க் கொட்டகைகளுக்குப் போய்த் திரும்புகிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

டைபாய்டுக்கு இந்தியாவிலேயே தயாரித்த கூட்டுத் தடுப்பூசி இருக்கிறது. ஆறு மாதக் குழந்தை முதல் ஒரே ஊசி போடலாம். 2018-ல் நவி மும்பை மாநகராட்சி தன் பிள்ளைகளுக்கு இதைப் போட்டு வழிகாட்டிற்று. ரோட்டா வைரஸ் பேதிக்குச் சொட்டு மருந்து 2017 முதல் தமிழ்நாட்டில் அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்த மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் நம் மாவட்டத்துக்கு வந்தது. புளோரைடு நஞ்சை நீக்கவே அது முதலில் நோக்கம் கொண்டது. குழாயில் நல்ல நீர் வந்தாலும், குடத்துக்குள் கையோடு தம்ளரை முக்கினால் அது கெட்டுவிடுகிறது. நீளக் காம்புள்ள அகப்பை ஒன்று போதும்.

நம் அரூர்ப் பக்கத்தில் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-ல் மருத்துவர் ரெஜி ஜார்ஜும் அவருடைய மனைவி மருத்துவர் லலிதாவும் ஓலைக் குடிசையில் வேலை தொடங்கினார்கள். அங்குள்ள மலைவாழ் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். தங்கள் ஊர்ப் பெண் தங்கள் பேச்சில் சொன்னபோது தாய்மார் கேட்டார்கள். இந்தக் காரியத்தில் மருந்தைவிடப் பேச்சுக்கு வேலை அதிகம் என்பதற்கு அதுவே சாட்சி.

முடிவாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வழக்கமாகக் கேட்பது அல்ல. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அலமாரியையும் குளிர்பெட்டியையும் திறந்து பாருங்கள். மீந்த ஆன்டிபயாடிக் பாட்டில், பாதி மாத்திரைப் பட்டை இருக்கும். யாருக்காவது உதவும் என்று வைத்திருப்பீர்கள். தண்ணீர் கலந்த சிரப் ஒன்று இரண்டு வாரங்களுக்குமேல் வீரியத்தோடு இருப்பதும் இல்லை. அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்த இடத்தில் நான்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளை வாங்கி வையுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவின் பிள்ளைக்குப் பேதி என்று கேள்விப்பட்டால் அதைக் கொடுங்கள். கரைக்கும் விதத்தையும் காட்டிக் கொடுங்கள்.

எங்கள் வார்டில் டைபாய்டுக்குச் சேர்ந்த பிள்ளையின் பெற்றோரிடம் இப்போது முதல் நாளே நான் போய் உட்காருகிறேன். "ஐந்தாம் நாள் வரை பொறுங்கள். அதற்குள் வயிறு உப்பினாலோ பிள்ளை மயங்கினாலோ டாக்டர் தாமே பார்த்து மருந்தை மாற்றுவார். வெறும் காய்ச்சலுக்காக ஓடிவிடாதீர்கள்" என்று சொல்லி, விரல்விட்டு எண்ணிக் காட்டுகிறேன். நான்காம் நாள் இரவுதான் கடினம். அந்த இரவில் அவர்களோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பதே இப்போது என் ஊழியத்தின் பெரும்பகுதி. பல தடவை ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ காலையில் தாய் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வருவதைக் கண்டிருக்கிறேன். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றே: "சந்தோஷம், அம்மா. இன்னும் ஒன்பது நாள் மருந்து பாக்கி இருக்கிறது. விட்டுவிடாதீர்கள்."

கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் காப்பாராக.